உம்மா பாட்டுக்காரன்

3 ஓகஸ்ட், ஞாயிறு

காலையில் கல்முனை. கச்சான் காற்று, வாயெல்லாம் மணல். என் பாட்டு இந்தியாவில் இன்னும் முதலிடமாம். மனேஜர் விடாமல் கோல். எடுக்கவில்லை.

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். என் ஸலாமுக்குப் பதில் வந்தது, அதுவும் வாய்க்குள். அது கடமை. மற்றப்படி, ஆசிரியர் கலாசாலையை விட்டுவிட்டு ராப் பாடப் போன நாளிலிருந்து என்னோடு ஒரு பேச்சில்லை. பக்கத்தில்தான் நிற்கிறேன். தங்கச்சியைப் பார்த்து, "சோறு இரிக்கி எண்டு சொல்லு" என்றார்.

பாரை மீன் ஆணம். நல்ல ருசி. யாரிடம் சொல்ல?

4, திங்கள்

அவருக்காகத்தான் அந்தப் பாட்டையே எழுதினேன். "உம்மா, ஒண்டு தா. ஒரு சொல்லாவது தா." எங்களுக்கு உம்மா என்றால் தாய். இந்தியாவில் முத்தமாம். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். முத்தம் ஒன்று தா! சென்னையில் ஒரு மைதானமே உதட்டைக் குவித்தது. மேடையில் நின்று நானும் சிரித்தேன். திருத்தவில்லை. திருத்தினால் பாட்டுப் படுத்துவிடும்.

மனேஜர் ஒருவழியாகப் பிடித்துவிட்டார். "ப்ரோ, அடுத்ததும் ஒரு கிஸ் சாங் பண்ணிடலாம் ப்ரோ."

5, செவ்வாய்

வாங்க: பனடோல், சார்ஜர் வயர், உம்மாவின் முழங்காலுக்குத் தைலம்.

ஓட்டோ நிற்கும் இடத்தில் நாலு பேர் செல்பி எடுத்தார்கள். மரியாதையாகத்தான். முதுகைத் திருப்பியதும், "உம்மா பாட்டுக்காரன் போறான்டா." பிறகு முத்தச் சத்தம்.

தைலத்தைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள்தான் சொன்னாள்.

"காக்கா, போன கிழமை கலியாண ஊட்ட ஒங்கட பாட்டத்தான் போட்டாங்க. பொம்புளையள் எல்லாம் உம்மாவப் பாத்துச் சிரிச்சாங்க."

"உம்மா என்ன சொன்னா?"

"சாப்பிடாம எழும்பி வந்துட்டா."

வெட்கமாக இருக்கிறது. ஊர் உலகமெல்லாம் கேட்ட பாட்டு. கேட்க வேண்டியவர் கேட்டது இப்படி.

6, புதன்

அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை. தோணிகள் கரையேற்றிக் கிடந்தன, ஆளில்லை. போனில் ஆயிரக்கணக்கில் செய்தி, இதயம், பூ. கதைக்க ஒருத்தரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கால் வலி எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். உம்மா என்று கூப்பிட முடியவில்லை. அந்தச் சொல்லை எடுத்தாலே ஓட்டோக்காரர்களின் சத்தம் காதில் கேட்கிறது. பெற்றவரை "இஞ்ச பாருங்க" என்றா கூப்பிடுவது? போய்ப் படுத்தேன்.

7, வியாழன்

வேன் சொன்ன நேரத்துக்கு வெள்ளென வந்துவிட்டது. கொழும்பு, அங்கிருந்து விமானம். சாரன் ஒன்றைக் கொடியில் மறந்துவிட்டேன். தங்கச்சி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

வாசலில் நின்று, "போயிட்டு வாறன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வரவில்லை.

குசினிக்குள்ளிருந்து உம்மா கேட்டார்.

"ஆருக்கிட்டச் சொல்றாய்?"

என்னிடம்தான் கேட்டார். ட்ரைவர் ஹோர்ன் அடித்தார்.

வேனுக்குள் இருந்து எழுதுகிறேன். அம்பாறை தாண்டியாச்சு. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.