அம்மாவுக்கு ஒரு துணைக்கால்

அய்யனார் துணை

ராஜபாளையம்,
நவம்பர் 16, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அப்பா தவசிமுத்து சொல்லச் சொல்ல உன் தங்கச்சி யோகேஸ்வரி எழுதுவது. இங்க நான், உங்கம்மை, யோகேஸ்வரி, உன் மக கோதை நாலு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கோம். அங்க குவைத்துல நீ ரெண்டு காலையும் தரையில ஊனி நல்லபடியா நிக்கணும், அதைத்தான் தினமும் கும்பிடுதேன். எனக்கு வலது கண்ணுல புரை எடுத்து எட்டு நாளாச்சு, குனியக்கூடாது எழுத்துக்கூட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதான் இந்த வாயாடிகிட்ட பேனாவக் குடுத்திருக்கேன். (அக்கா, அப்பாவுக்கு இப்ப வாசிக்க முடியாது. பிராக்கெட்டுக்குள்ள இருக்கதெல்லாம் என் சொந்தச் சரக்கு.) போன்ல பேசாம இது என்ன கடுதாசின்னு நினைப்ப. போன் உன் மேடம் கையில இருக்கு, வெள்ளிக்கிழமைதான் உன் கைக்கு வரும், இங்க நாங்க போனை எடுத்தா கோதை மடியில வந்து உக்காந்துக்கிடுதா, அவளை வச்சுக்கிட்டு அவளைப் பத்தியே எப்படிப் பேச. சேத்தூர் பெலிக்ஸ், உன் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி டிரைவரா இருக்கானே, லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை திரும்புதான், அவன் கையில இதையும் ஒரு பார்சலையும் குடுத்து விடுதேன். பார்சல் மேல பல்கேவன்னு எழுதியிருக்கும், பயந்துராத, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான், எழுதினது கோதை. அவ ஏன் அப்படி எழுதுதான்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசியே.

ரெண்டாம் வகுப்புல இந்தப் பருவம் என்ன படிக்கான்னு போன வாரம் கேட்டியே, போன்ல நல்லா படிக்கான்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டேன். இப்ப முழுசாச் சொல்லுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு வகுப்பும் ஒரே அறையிலதான் இருக்கு, பாண்டிசெல்வி டீச்சர் ஒருத்தவங்கதான் மூணையும் மேய்க்காங்க. குறில் எழுத்துக்கு ஒரு கைதட்டு, நெடில் எழுத்துக்கு ரெண்டு கைதட்டு. சிரட்டையில மண்ணுப் போட்டு மொச்சை முளைக்க வச்சு தினம் எம்புட்டு வளந்திருக்குன்னு அளக்காங்க. மூணாம் வகுப்புக்கு அரை, கால், முக்கால் பாடம் நடக்கு, ரெண்டாம் வகுப்பும் காதை அங்கதான் வச்சிருக்கு. டீச்சர் ஒரு தோசையை நாலா வெட்டி இதுல ஒரு துண்டுதான் கால்னு காட்டியிருக்காங்க, உடனே உன் மக எந்திரிச்சு, வெட்டின காலைத் திரும்ப ஒட்ட முடியுமா டீச்சர்னு கேட்டிருக்கா. எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சிருக்கு, டீச்சரும் சிரிச்சுட்டாங்க. அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் புரியல.

அதுக்குப் பொறவு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஒரு தாளைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா, தாத்தா வாசின்னு நீட்டினா. எனக்கு அப்ப கண்ணு புகைமூட்டமா இருக்கு, பெரிய எழுத்துதான் தெரியும். மேல அம்மான்னு ஏதோ இருக்கு, கீழ கேதம்னு இருக்கு. அம்மா கேதம். யாரோ பிள்ளை கையில சாவுச் செய்தி எழுதி விட்டிருக்காங்கன்னு நினைச்சு நான் போட்ட சத்தத்துல உங்கம்மை அடுப்படியிலயே சரிஞ்சுட்டா. பக்கத்துல சோலைச்சாமி அண்ணாச்சி வீட்டுலேர்ந்து அம்புட்டுப் பேரும் ஓடியாந்துட்டாங்க, மதினி வாசல்ல நின்னு வாய்விட்டு அழவே ஆரம்பிச்சுட்டா. அண்ணாச்சிதான் மேடம் நம்பருக்குப் போட்டாரு, நீயே எடுத்துட்ட. என்னப்பா செவ்வாய்க்கிழமையில போன்னு நீ கேட்டதுக்குச் சும்மாதான் தாயின்னு வச்சேனே, அது சும்மா இல்ல. யோகேஸ்வரி வந்து தாளை வாங்கிப் பாத்தா அதுல இருந்தது கேதம் இல்ல, கேதை. கோதைங்கிற பேருல துணைக்காலை எடுத்துட்டா கேதைதானே. மேல இருந்தது அம்ம. என் அம்மான்னு தலைப்புக் குடுத்து எழுதச் சொல்லியிருக்காங்க, அதுக்கு மேல ஒரு வரி எழுதாம பேரைப் போட்டுட்டு வந்திருக்கா. நோட்டை எடுத்துப் பொரட்டுனா அம்புட்டும் நொண்டி. நான் தத்த. பால் பல்லாக் கிடக்கு, காக்கா கக்கவாக் கிடக்கு. (சித்தி மட்டும் முழுசா இருக்கேன், எனக்கு ஆரம்பத்துலேயே துணை இல்ல.)

மறுநாள் டீச்சரைப் போய்ப் பாத்தேன். அவங்க மடியில வச்சு மெதுவாக் கேட்டுட்டாங்களாம். எங்க அம்மாவுக்கே கால் இல்ல, மத்தவங்களுக்கு எதுக்கு டீச்சர்னு சொல்லியிருக்கா. ஆடி மாசம் அஞ்சு வெள்ளிக்கிழமை உன்கிட்டேர்ந்து போன் வரலையே, உன் மேடம் போனைக் குடுக்கலையே, அப்ப இந்தப் புள்ள வாசல்லயே உக்காந்திருந்தா. அம்மா ஏன் பேசலைன்னு கேட்டவகிட்ட உன் தங்கச்சி, மேடம் உங்கம்மா காலைக் கட் பண்ணிட்டாங்கடின்னு சொல்லியிருக்கா. (அப்பா செத்த நேரம் கண்ணுக்கு மருந்து ஊத்தப் போயிருக்காரு. அக்கா, நான் தெரியாமச் சொல்லல. போன் கால், நடக்குற கால், ரெண்டும் சேர்ந்து நாக்குல வந்துச்சு, மூஞ்சியச் சிரிக்காம வச்சுக்கிட்டுச் சொன்னேன். அவளும் சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. சரி புரியலன்னு நினைச்சு விட்டுட்டேன். ஆடியிலேர்ந்து ஐப்பசி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம அதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கா. எனக்கு இப்ப வாயைத் திறக்கவே பயமா இருக்கு. அப்பா வந்துட்டாரு.) நான் சொன்னதைவிட பேனா நிறைய ஓடுது, என்ன எழுதுதான்னு தெரியல, எழுதட்டும்.

அது வெளையாட்டுக்குச் சொன்னதுடின்னு யோகேஸ்வரி காலைப் பிடிக்காத குறையாச் சொல்லிப் பாத்தா. நீ எப்பவும் பொய்தான் சொல்லுவ சித்தின்னு முடிச்சுட்டா. அம்மாவுக்குக் காலு நல்லா இருக்குன்னு நானும் சொன்னேன். அப்பா ஊருக்குப் போயிருக்காரு வந்துருவாருன்னு நீதானே தாத்தா சொன்னன்னு கேட்டா. மாப்பிள்ளை சதீஷ் இறந்து மூணு வருசம் ஆச்சு, அன்னைக்கு அவ அழக்கூடாதேன்னு சொன்ன பொய்யி, இன்னைக்கு என் நெசத்தையும் செல்லாம ஆக்கிடுச்சு. போதாததுக்கு நீ வேற. ரெண்டு வெள்ளிக்கு முன்ன உன்கிட்ட அவ, நின்னுக்கிட்டுப் பேசுறியா உக்காந்துக்கிட்டுப் பேசுறியாம்மான்னு கேட்டாளே, நீ என்ன சொன்ன, உக்காந்துதான் தங்கம், அம்மாவால நிக்கவே முடியலன்னு சொன்ன. வேலை அசதியில சொல்லியிருப்ப, எனக்குத் தெரியும். அவ போனை என் கையில குடுத்துட்டுப் போயி வீட்டுலயும் சிரட்டையில வச்சிருக்க மொச்சைச் செடிக்கிட்ட உக்காந்துட்டா. அந்த வீட்டுல வீடியோ கூடாதுன்னு சட்டம், இல்லாட்டா ஒரு நிமிசத்துல தீர்ந்து போற காரியம்.

மழை விடாமப் பெய்யுது, அய்யனார் கோவில் ஆத்துல வெள்ளம்னு மேல ஆளை விடல, போய்க் கும்பிட்டுட்டு வரவும் வழியில்ல. மில்லுல எனக்குப் பதிலா முத்துவீரன் நிக்கான். உங்கம்மை ராத்திரிச் சோத்தைத் தொடவே மாட்டேங்கா. நீ வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயித்துல டீயக் குடிச்சுட்டு ஓடாத, முட்டி வலிக்கு எண்ணெய் பார்சல்ல இருக்கு. இப்ப முக்கியமானதைச் சொல்லுதேன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு டிசம்பர்ல கையெழுத்துப் போடணும் போடட்டுமான்னு நீ கேட்டப்ப, போட்டுரு தாயி, புள்ளைய நாங்க பாத்துக்கிடுவோம்னு சொன்னது நான்தான். பாத்துக்கிட்ட லட்சணம்தான் மேல எழுதியிருக்கு. நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிடுதேன். போடாத. வந்து அவ கண்ணு முன்னால நட, வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் நடந்து காட்டு, பொறவு என்ன செய்யணும்னு உக்காந்து பேசுவோம். வரமுடியாத நெலமைன்னா அதையும் மறைக்காம எழுது, இந்த வீட்டுல இனிமே யாரும் யாருக்கும் நல்லதுக்குன்னு பொய் சொல்ல வேண்டாம்.

நீ நல்லா இருக்கணும், உன் காலுல ஒரு முள்ளு படக்கூடாது, எங்க ஆயுசையும் சேத்து நீ வாழணும். ஒண்ணு மறந்துராத, பார்சல் வாங்குற அன்னைக்கு வாசலுக்கு வெளிய நின்னு பெலிக்ஸ் போன்ல ஒரு போட்டோ எடு. முகம் தெரியாட்டாலும் பரவாயில்ல, செருப்பைக் கழட்டிட்டு நில்லு, ரெண்டு பாதமும் தெரியணும்.

இப்படிக்கு, உன் வரவைப் பாத்திருக்கும் அப்பா,
தவசிமுத்து
(கையெழுத்து அவரே போட்டது, கண்ணுக்கட்டோட. அதான் வரி மேல ஏறிப்போச்சு.)

அக்கா, கவரை ஒட்டப் போகையில கோதை வந்துட்டா. யாருக்குன்னு கேட்டா, நெசத்தைச் சொன்னேன். பேனாவ வாங்கி எழுதினா. என் பேர்ல இருந்து எடுத்தது ஒண்ணு சும்மாதான கிடக்கு, அதை அம்மாவுக்குப் போட்டுட்டேன், வச்சுக்கிட்டு வரச் சொல்லு சித்தி, வந்த பொறவு நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்னு சொன்னா. நான் ஒண்ணும் வெளையாட்டாச் சொல்லல அக்கா. அவ எழுத்து கீழ இருக்கு.

அம்மா
கேதை