இதோ பாருங்கப்பா

மார்ச் 4, செவ்வாய்
பாப்பா இன்று குப்புற விழுந்தாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது! உடனே படமெடுத்து அப்பாவுக்கு மெயில். 'இதோ பாருங்கப்பா' — அதன் கீழே படம். அதற்கும் கீழே ஆபீஸ் கையெழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: லோகோ, பெயர், என் புது போன் நம்பர்.
மாலையில் பதில் வந்தது. 'கிடைத்தது. நலம்.'
பேத்தியைப் பார்த்துவிட்டு எழுதுகிற பதிலா இது?

மார்ச் 5
நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டதற்கு வாசலில் நிறுத்தி "போ" என்றவர். இரண்டு வருஷமாகிறது. கோபம் தணிந்தால் கூப்பிடட்டும் என்றுதான் ஒவ்வொரு மெயிலிலும் நம்பர் போகிறது. மாதம் ஒன்றாக ஐந்து மெயில். ஒரு போன் இல்லை. இனி அனுப்பப் போவதில்லை. போதும்.

மார்ச் 13, வியாழன்
ஆபீஸில் ஒரு வாடிக்கையாளர் கத்தினார். "உங்க மெயில்ல பேரும் இல்ல, நம்பரும் இல்ல. வெறும் கட்டம்தான். யாரைக் கூப்பிடறது?"
கம்ப்யூட்டர் பிரிவு அக்கா வந்து பார்த்தார். "கையெழுத்து முழுக்க ஒரே படமா இருக்கும்மா. சில பேர் மெயில்ல படமே திறக்காது. நீ நடுவுல ஒட்டற போட்டோவும் அப்படித்தான்."
அப்பாவுக்கு?
படிக்கட்டுக்கு ஓடிப்போய் அப்பா வீட்டு நம்பரை அழுத்தினேன்.
"அப்பா, நான்தான்."
"பாப்பா படமெல்லாம் பாத்தீங்களா?"
"எங்கம்மா... 'இதோ பாருங்கப்பா'ன்னு இருக்கும். கீழ வெறும் கட்டம்தான். காட்ட மனசு வரலியோன்னு நெனச்சேன். தொரத்தினவன் எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்கறது?"
ஐயோ. காலிக் கட்டத்தைப் பார்த்துத்தானா ஐந்து மாதமும் 'கிடைத்தது' என்று எழுதினார்! படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 14
அக்கா சொல்லித் தந்தபடி எல்லாப் படங்களையும் தனி இணைப்பாக அனுப்பினேன். நம்பரை எழுத்தாகவே அடித்தேன். பத்து நிமிஷத்தில் போன்.
"மூக்கு அப்படியே உங்கம்மாதான்." அம்மா போய் நாலு வருஷம்.

ஏப்ரல் 6, ஞாயிறு
அப்பா வந்து மூன்று நாளாகிறது. பக்கத்து அறையில் அவரும் என் கணவரும் மரத்தொட்டிலுக்குத் திருகாணி முடுக்குகிறார்கள்.
"மாப்ள, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."
தொட்டில் கிறீச்சிடுகிறது; இவர் பிடித்திருப்பார். பாப்பா சிரிப்பது கேட்கிறது.