ஓரக்கண் பொம்மை

6.7.2004, செவ்வாய்
சென்னைக் கண்காட்சிக்கு எங்கள் பீங்கான் பட்டறையிலிருந்து ஒரே ஒரு பொம்மைதான் போகுமாம். அச்சில் வார்த்தது கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று முதலாளி ராஜமாணிக்கம் சொன்னார். பதினான்கு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறேன். என்னை விட்டால் வேறு யார்? மயில் செய்யப் போகிறேன்.

9.7.2004
சிவசங்கரியும் செய்கிறாளாம்! கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வர ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

13.7.2004
என் மயிலின் தோகையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் யாரும் அதன் முன்னால் நிற்பதில்லை. எல்லோரும் அவள் மேசைக்குத்தான் போகிறார்கள். மடியில் வேலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை. கண் இன்னும் எழுதவே இல்லை. ஆனாலும் பக்கத்தில் யாரையோ ஓரக்கண்ணால் பார்க்கிறாள் என்று கழுத்தே சொல்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.
"எப்பிடிடீ இது வந்துது?" என்று கேட்டேன்.
"சும்மா பாத்து பாத்து செஞ்சதுதான்க்கா."
தலை நிமிரவில்லை. ரகசியமாம்.

15.7.2004
அவள் சாப்பிடப் போனபோது பொம்மையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் துளை இல்லை. உள்ளே வெறும் கூடு. காற்றுப் போக வழியில்லாமல் சூளைக்குள் வைத்தால் வெடித்துவிடும். மறந்துட்டா.
நாளைக்குச் சூளை. நான் ஏன் சொல்லணும்? சொல்ல மாட்டேன்.

16.7.2004
சூளை வண்டியில் அடுக்கும்போது மண் பிசையும் கமலம் கத்தினாள். "ஏய் பெரியநாயகி, இது நீதான? சிவசங்கரி மேசைய நீ பாக்கறாப்பலயே இருக்குது!"
எல்லோரும் சிரித்தார்கள். சிவசங்கரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க பாக்கறப்பல்லாம் பயமா இருக்கும். அதான்... கையில வந்துடுச்சு."
பார்த்தேன். இடது தோள் இறங்கி, மடியில் தூரிகை. நானேதான். அவமானமாக இருந்தது. அங்கிருந்து நகர்ந்தேன். அப்புறம் — வெடிச்சா அது நான்தான?
திரும்பி வந்து வண்டியிலிருந்து அதை எடுத்து, அடியில் மெதுவாக ஊசியைத் திருகினேன்.
"அய்யோ, ஓட்டைய மறந்துட்டனேக்கா!"
நேற்றே பார்த்ததைச் சொல்லவில்லை.

2.8.2004, திங்கள்
சிவசங்கரியின் பொம்மை சென்னைக்குப் போய்விட்டது. மயில் அலமாரியில் நிற்கிறது. எரிச்சல் இன்னும் போகவில்லை.
சூளையிலிருந்து வந்ததும், "கண்ண நீங்களே எழுதுங்கக்கா" என்று என்னிடம்தான் கொடுத்தாள். மடியைப் பார்ப்பது போல எழுதியிருக்கலாம். அது நான்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.
அவள் மேசைப் பக்கமே பார்க்க வைத்தேன்.