திரைக்குப் பின்பக்கம்

மாட்டுப்பட்டி,
கார்த்திகை, 1976

அன்புள்ள அம்மாவுக்கு, கமலாத்தாள் கும்பிட்டு எழுதறது. உங்க முட்டிவலி தேவலைங்களா? அப்பா வேளைக்குச் சாப்பிடறாருங்களா? நானு நல்லாத்தான் இருக்கறேன்.

நேத்துப் பொழுதுசாய எஸ்டேட்டு மைதானத்துல படம் போட்டாங்க. டவுனுல பிள்ளைங்க வளர்ற குடும்பக் கதை, ஒரே சிரிப்பு. முன்னால எடமில்லாம, டீச்சருங்க நாங்க மட்டும் திரைக்குப் பின்பக்கம் உக்காந்து பாத்தோம். படத்துல வர்ற ஊட்டுக் கூடத்துல திடீர்னு ஆனைத் தலை ஒண்ணு நிழலாத் தெரிஞ்சுது. படத்துல வர்றதுன்னு நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்பறந்தான் பாத்தா, முன்பக்கம் ஒருத்தரும் சிரிக்கலை. படம் காட்டற மிஷினை ஓட விட்டுட்டு எல்லாரும் ஓடியிருக்காங்க. படத்துச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கலை. ஆனைக்கும் எங்களுக்கும் நடுவுல அந்தத் துணி மட்டுந்தானுங்க.

அது தானாப் போயிருச்சு, பயப்படாதீங்க.

பேட்டரி லைட்டு ஒண்ணு அனுப்புங்க. நீங்க கட்டிப் பழசான சேலை ஒண்ணும் வேணும், போத்திக்க. தபால்காரர் வந்துட்டாரு.

ஒண்ணு உட்டுப்போச்சு. ஆனை நிக்கறப்பத்தான் படத்துல அந்த அம்மா பிள்ளைங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. உங்க கொரலாட்டவே இருந்துச்சுங்க. நானு எந்திரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த பூமாரி டீச்சர்தான் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க.

உங்க
கமலாத்தாள்