ஈரச் சாக்கு

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது.

வழுக்கி விழுந்த என் வீட்டுக்காரி சரோஜாவின் கைக்கு நேற்று தாம்பரத்தில் டாக்டர் பிளாஸ்டர் போட்டார். நான் கொத்தனார். பள்ளிக்கரணையில் எத்தனையோ சுவர் பூசியிருக்கிறேன். பிளாஸ்டரை நனைக்காமல் விட்டால் வெடித்துவிடும். அதனால், மதியம் அவள் தூங்கும்போது கட்டின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றினேன். கட்டு கூழாகிவிட்டது.

“யோவ், நான் இன்னா செவுரா?” என்றாள்.

மறுபடி தாம்பரத்துக்கு ஓடினோம். “தண்ணியே படக்கூடாது பெரியவரே. எலும்பு நகர்ந்திருந்தா ஆபரேஷன்தான்,” என்றார் டாக்டர். எக்ஸ்ரே வரும்வரை எனக்கு உயிரே இல்லை. எலும்பு நகரவில்லை. புதுக் கட்டு போட்டார்.

“இவரு கட்டின வூடு எதுவும் ஒழுகினதில்ல டாக்டர்,” என்றாள் சரோஜா.

இப்போது தண்ணீர்ச் சொம்பை என் கைக்கு எட்டாத பக்கம் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.