மாற்றுப் பாடகி

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, ரொறன்ரோ
4 செப்ரெம்பர் 2024

அன்பு மகள் நிரோஷினிக்கு,

நான் சுகம். கிறாஸில் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, எழுதுங்கள் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

உன் கடைசி மூன்று கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த ஊர், எந்த ஒபரா, எத்தனை காட்சி. எல்லாம் சரியான தகவல்கள். நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்குச் செய்திக்குறிப்பு எது என்று தெரியும். சாப்பிட்டாயா, யாரோடு கதைக்கிறாய், ஒரு சொல்லும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் உன் கடிதத்தை வைத்து இங்குள்ள தமிழ் வாரப் பத்திரிகையில் கட்டுரை போட்டது பெருமையில்தான். குரல்நாணில் கட்டியோடு ஒரு பிள்ளை ஒஸ்ரியாவில் மேடையேறிப் பாடுகிறாள் என்றால், எந்தத் தகப்பன் சொல்லாமல் இருப்பான்?

பதினொரு வயதில் நீ தேவாலயக் குழுவில் பாடியதுதான் நான் கேட்டது. பிறகு நான் கனடா வந்துவிட்டேன். உன்னை மேடையில் ஒருமுறை கேட்கவேண்டும். இந்தப் பக்கம் வேலை வந்தால் சொல்.

அப்பா
நவரட்ணம்


கிறாஸ், ஒஸ்ரியா
19 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். ஒக்ரோபர் முழுவதும் எனக்கு வெளிநாட்டில் வேலை. அடுத்த பதில் தாமதமாகும்.

பெருமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டி பற்றி டொக்ரருக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. உங்கள் கட்டுரையை இங்குள்ள ஒருவர் ஜெர்மன் மொழியில் முகநூலில் போட்டார். மூன்றாம் கிழமை அரங்கின் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஏழு வருடம் தனிப்பாடகியாக இருந்த இடம் அது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் வந்தது, ஒப்பந்தம் வரவில்லை.

நாலு வருடமாக நான் மாற்றுப் பாடகி. ஒரு பாத்திரத்தை முழுதாகப் பாடமாக்கிக்கொண்டு, அதைப் பாடுகிறவருக்கு முடியாமல் போனால் மட்டும் மேடையேறுகிறவள். இதுவரை ஒருமுறைகூட ஏறவில்லை.

இதுவும் சரியான தகவல்தான்.

நிரோஷினி


வெக்ஸ்போர்ட்
28 ஒக்ரோபர் 2024

பிள்ளை நிரோஷி,

இதைக் கிறாஸுக்கு அனுப்பவில்லை. நீ வேலை செய்யும் அரங்கின் முகவரிக்கு, ரொறன்ரோவுக்குள்ளேயே தபாலில் போடுகிறேன்.

ஒபரா அரங்கிலிருந்து எங்கள் பத்திரிகைக்கும் அறிக்கை வரும். யாரும் வாசிப்பதில்லை. நான் கடைசி வரிவரை வாசிப்பேன். கடைசிப் பக்கத்தில், மாற்றுப் பாடகர்களின் பட்டியலில், உன் பெயர் இருந்தது.

12, 18, 24 மூன்று காட்சிக்கும் வந்தேன். மேல் மாடியில் கடைசி வரிசை. அரங்கு வாசலில் கோட் வாங்கி வைக்கும் பிரதீபா மானிப்பாய் ஆட்களின் பிள்ளை. மூன்றாம் நாள் என்னைப் பிடித்துவிட்டாள்.

"என்ன அங்கிள், திரும்பவும் உதே கதைதானே? கடைசியில அந்த மனிசி சாகத்தான் போறா."

"ஓம் பிள்ளை. ஆனா இண்டைக்கு வேற மனிசி சாகலாம்."

உண்மையைச் சொல்கிறேன். முதன்மைப் பாடகிக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டுமென்று ரயிலில் வரும்போதே வேண்டிக்கொண்டு வந்தேன். 18ஆம் திகதி திரை விலகுமுன் ஒருவர் மைக்கோடு மேடைக்கு வந்தார். பாடகி மாறினால் அப்படித்தான் வந்து அறிவிப்பார்கள். நான் எழும்பி நின்றுவிட்டேன். அவர் நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் சட்டைக் கையைப் பிடித்து என்னை இருத்தினார்.

24ஆம் திகதி இடைவேளையில் பக்கவாசலால் நீ வெளியே வந்ததைக் கண்டேன். கழுத்தைச் சுற்றிச் சால்வை. தனியாக நின்று வாழைப்பழம் சாப்பிட்டாய். வீதிக்கு இந்தப் பக்கம் நான். கூப்பிடவில்லை. நாலு கிழமை இந்த நகரத்தில் இருந்தும் சொல்லாத பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது? காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஐந்தாறு நாள் இருந்தது. வோர்டன் ஸ்ரேஷனிலிருந்து என் வீட்டுக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம்.

ஒளிந்து பார்த்தது போதும். நாளைக் காட்சிக்கு வரமாட்டேன். சனிக்கிழமை கடைசிக் காட்சிக்கு, நீ வரச் சொன்னால் வருவேன்.

அந்தக் கட்டுரை பிழை. அதைப் பெருமை என்று உனக்கு எழுதியது அதைவிடப் பிழை.

அப்பா


ரொறன்ரோ
31 ஒக்ரோபர் 2024

அப்பா,

உங்கள் கடிதத்தை இன்று காலை அரங்கு வாசலில் தந்தார்கள்.

29ஆம் திகதி நான் பாடினேன்.

பின்னேரம் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. முதன்மைப் பாடகிக்குக் காய்ச்சல். உங்கள் வேண்டுதல் கொஞ்சம் பிந்திப் பலித்திருக்கிறது. உடுப்பு அவருடைய அளவு, முதுகில் ஊசி குத்தி இறுக்கினார்கள். மூன்றாம் அங்கத்தில், முன்பு கட்டி தடுத்த அதே உச்சத்தில், ஒரு கணம் குரல் நின்றுவிட்டது. பிறகு வந்தது. இசை நடத்துகிறவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். வேறு ஒருவருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

கைதட்டினார்கள். அவ்வளவு சனத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அறைக்கு வந்து சூப் சூடாக்கிக் குடித்தேன். அங்கே விடியாத நேரம், அம்மாவை எழுப்ப மனம் வரவில்லை.

நான் வந்ததைச் சொல்லாதது உங்களைத் தண்டிக்க அல்ல. என்னைக் கண்டால் பத்திரிகையில் எழுதிவிடுவீர்கள் என்ற பயம்.

அவருக்குச் சுகமாகிவிட்டது. சனிக்கிழமை அவர்தான் பாடுவார். வரவேண்டாம், அப்பா. எனக்கு ஞாயிறு விமானம்.

நிரோஷி


வெக்ஸ்போர்ட்
8 நவம்பர் 2024

நிரோஷி,

சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர் கஜீவன் போன் எடுத்தான். அரங்கின் இணையத்தளத்தில் உன் பெயரைக் கண்டிருக்கிறான்.

"அண்ணை, உங்கட மகளாமே! முன்பக்கம் தாறன், நடுவில ரெண்டு பக்கமும் தாறன். எங்கட ஆக்களுக்கு உப்பிடி ஒரு செய்தி வந்ததே இல்லை."

"நான் அண்டைக்கு அங்க இல்லையடா. காணாததை எழுத ஏலாது."

"அப்ப மகளிட்டக் கேட்டு எழுதுங்கோவன்."

"அவள் ஒண்டும் சொல்லேல்லை."

நாற்பது வருடத்தில் ஓர் ஆசிரியருக்கு நான் சொன்ன முதல் பொய் அது. அவன், "சரி அண்ணை, விடுவம்," என்றான்.

பத்திரிகை இன்று கடைகளுக்கு வந்தது. முன்பக்கத்தில் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டு விலை. பதினாறு பக்கத்தையும் மேசையில் விரித்து வைத்து இரண்டு தரம் பார்த்தேன். உன் பெயர் எங்கும் இல்லை.

ஒரு பிரதி இத்துடன் அனுப்புகிறேன்.

அப்பா