ஏழாவது ஆள்

ஆகஸ்ட் 11

இன்று சொல்லிவிட்டேன். வாலிபால் பயிற்சியின் முதல் நாள். ஜிம்முக்குப் போனேன். கோச் ரோலண்ட் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கப் போவதில்லை, நேராகக் கல்லூரிக்குப் போகிறேன், பதினோராம் வகுப்போடு எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த வாரமே கிளம்புகிறேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்போது இடம் கிடைத்தது என்று மட்டும் கேட்டார். மே மாசம் என்றேன். கயிற்றைக் கீழே போட்டார்.

“ஜூனுக்குள்ள சொல்லியிருந்தா பக்கத்து ஊர் ரஷ்போர்ட் பள்ளியோட சேர்ந்து ஒரே டீமா பதிஞ்சிருப்பேனேம்மா. இப்ப தேதி போயிடுச்சு. ஏழு பேர்ல நீ போனா ஆறு. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆட்டம் கிடையாது.”

எனக்குத் தெரியாதா? கோல்டர் பள்ளியில் பெண்களே அவ்வளவுதான். அம்மாதான் எல்லாம் உறுதியாகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

டார்பி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இந்தக் கடைசி வருஷம் அவள்தான் கேப்டன். ஏதாவது சொல்லுவாள் என்று வாசலில் நின்றேன். பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் போடப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 23

விடுதி. அம்மா படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி அல்லவா, ஒரு படையே சாப்பிடுகிற அளவுக்குப் பிஸ்கட் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அறைத்தோழி நிக்கிக்கு வயது பதினெட்டு. என் வயதைக் கேட்டாள். மழுப்பிவிட்டேன்.

இங்கே வேதியியலுக்கு மட்டும் ஒரு கட்டடம். கோல்டரில் ஒரே ஆசிரியர்தான் கணக்கு, அறிவியல், தட்டச்சு எல்லாமே. அவரிடம் இருந்ததை எல்லாம் நான் போன வருஷமே முடித்தாகிவிட்டது. அதனால்தானே வந்தேன்? ஆமாம். அதனால்தான்.

செப்டம்பர் 6

முதல் ஆட்டத்தில் ஆறு பேரும் ஜெயித்துவிட்டார்களாம். டார்பிக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

செப்டம்பர் 15

வேதியியல் முதல் தேர்வு. நூற்றுக்கு நாற்பத்தொன்று. நான்! தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் எண்பது வாங்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

செப்டம்பர் 19

தொண்டை வீங்கிக் காய்ச்சல். நிக்கிதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். பதினெட்டு ஆகாததால் அம்மா சம்மதம் சொன்னால்தான் தொடுவோம் என்றார்கள். அம்மா சமையல்கட்டில் மதிய உணவு நேரத்தில் போனை எடுக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிடும்வரை நடுக்கத்தோடு நாற்காலியில் கிடந்தேன்.

இப்போது மாடி முழுக்க எனக்குப் பெயர் பாப்பா. “பாப்பா, பால் குடிச்சியா?” என்கிறாள் நிக்கி. கெட்டவள் இல்லை. சூப்பும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். ஆனாலும் எரிகிறது.

செப்டம்பர் 30

லேனிக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அணியிலேயே சின்னப் பெண். பந்துக்குத் தாவிக் காலை மடக்கி விழுந்தாளாம். மிச்சம் ஐந்து பேர். ஆறு பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கவே விடமாட்டார்கள். மீதி இருந்த ஆட்டங்களை எல்லாம் எதிரணிக்கு விட்டுக் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் கோல்டருக்கு அணி இல்லை.

அம்மாதான் போனில் சொன்னாள். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை. மளிகைக் கடையில் டார்பியின் அப்பா கர்ட் இவளைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போனாராம். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஆட்டத்துக்குக் கூட்டிப்போன மனுஷர்.

நான் இருந்திருந்தால் லேனி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கால் முறிந்திருக்காது. இதை எப்படிப் புரட்டினாலும் இப்படித்தான் வருது. என்ன செய்யச் சொல்றீங்க என்னை?

அக்டோபர் 11

பழைய மாணவர் வார ஊர்வலத்துக்கு ஊருக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. வாலிபால் பெண்கள் ஆறு பேரும் வைக்கோல் வண்டியில் ஜெர்சியோடு உட்கார்ந்து வந்தார்கள். லேனி கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்தாள். எல்லாருக்கும் மிட்டாய் வீசினார்கள். நான் நின்ற பக்கம் வந்தபோது டார்பி திரும்பி எதிர்ப்பக்கம் வீசினாள்.

அக்டோபர் 12

அழுதேன். அவ்வளவுதான் எழுத இருக்கு.

நவம்பர் 20

வேதியியல் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அறிவு இருக்கிறதாம், உட்கார மாட்டேன் என்கிறேனாம். எங்கே உட்காருவது? புத்தகத்தைத் திறந்தால் அந்த ஜிம்தான் தெரிகிறது.

கோல்டர் பள்ளி முதல்வருக்குப் போன் செய்தேன். ஜனவரியில் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வாராம், மே மாதம் எல்லாரோடும் சேர்ந்து முடித்துவிடலாமாம். கூடைப்பந்துக்கும் ஆள் தேவையாம். போனை வைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. போய்விடுவேன். டார்பியிடம் நேரில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 22

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் டார்பி வீட்டுப் பண்ணைக்குப் போனேன். பனி முழங்கால் வரை. மாடுகளுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமலே நானும் ஒரு கவைக்கோலை எடுத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னேன், வேதியியலில் கோட்டை விட்டுவிட்டேன், ஜனவரியில் திரும்பி வருகிறேன், உன்னோடுதான் படிப்பை முடிக்கப் போகிறேன் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனே, என்னை எதால் அடிப்பது.

கவைக்கோலைப் பனியில் குத்தி நிறுத்தினாள்.

“வந்தேன்னா செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அணி கலைந்த கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நிறுத்து என்றாள்.

“நீ போறது எனக்கு மே மாசமே தெரியும்டீ. உங்கம்மா சமையல்கட்டுல அழுதுட்டே சொன்னாங்க. ஜூன்ல கோச் எங்கிட்ட வந்தாரு. ரஷ்போர்டோட சேரணுமா, ஏழு பேரும் உறுதியான்னு கேப்டன்கிட்டதான கேப்பாரு? உறுதின்னேன்.”

ஏன் என்றேன்.

“சொல்லியிருந்தா ஊரே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுருக்கும். எங்கப்பாதான் முதல் ஆளா நின்னுருப்பாரு. நீயும் உருகிப்போய், சரி இருக்கேன்னு சொல்லியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? நான் எங்கயும் போகப் போறதில்ல, இந்த மாடுங்களோடதான். ஒருத்தியாவது போகட்டும்னு நினைச்சேன். லேனி கால் உடையும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?”

மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாசமும் என்னைப் பார்க்க முடியாமல் போனது கோபத்தால் மட்டும் இல்லையாம். பார்த்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவாளாம். அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்துக்கு மன்னிக்க மாட்டாராம். அவளுடைய கடைசி வருஷ ஆட்டம் எதையும் தவறவிடக் கூடாது என்றுதான் மனுஷர் அறுவடைக்கே ஆள் வைத்திருந்தார்.

“அவ்வளவையும் தொலைச்சிட்டு உக்காந்திருக்கேன். நீ ஒரு பரீட்சையில கோட்டை விட்டுட்டு அழுதுகிட்டு வர்றியா? அப்ப எனக்கு என்னடீ மிச்சம்?”

மாடுகளுக்குப் போட வேண்டியதைப் போட்டு முடித்தோம். போகும்போது என் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டாள்.

டிசம்பர் 23

முதல்வருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேதியியலை முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கிறேன்.

அம்மாவிடம், நீ டார்பியிடம் சொன்னாயா என்று கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன் என்றாள். நீயும் நானும் இதை வெளியே விடக் கூடாது என்றேன். தலையாட்டினாள்.

ஜனவரி 4

விடுதிக்குத் திரும்பியாயிற்று. வரும் வழியில் ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பக்கத்துப் பம்பில் கர்ட். ஒளிய இடமில்லை. நான் வண்டியை விட்டு இறங்கி வணக்கம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

“ஊருக்குச் சொல்லலை, சரி. கோச்சுக்குச் சொல்லலை, அதுவும் சரி. டார்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. கூடப் பொறந்தவ மாதிரி இருந்தா. அவ உறுதின்னு சொல்லி நின்னா, நீ அவளையே ஏமாத்திட்டியே.”

வண்டிக்குள் அம்மா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கையைப் பின்னால் நீட்டிக் கதவை அழுத்தி மூடினேன்.

“சொல்லியிருக்கணும்,” என்றேன். “அவளுக்கு எதுவுமே தெரியாது. தப்பு முழுக்க என்னோடதுதான்.”

அவர் பெட்ரோல் போடத் திரும்பிக்கொண்டார். அம்மா வண்டியை எடுத்தாள். இனி அவர் என்னோடு பேச மாட்டார். டார்பியோடு பேசுவார்.

நாளை எட்டு மணிக்கு வேதியியல்.